வரிசையில் இல்லாத பாடம்

அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது மேஜை முன்னால் உட்கார்ந்து தன் சட்டை ஒன்றின் தையலைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு நேர் மேலே போன் கவிழ்ந்து தொங்குகிறது. நான்தான் கம்பி வளைத்து மாட்டியது. போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. “அது நம்ம வரிசையில இல்ல. கழுத்துப் பட்டிப் பாடத்த எடு” என்றேன். “ம்” என்றாள். கீழே வீட்டுக்காரர் மகன் டைல்ஸ் அறுக்க ஆள் விட்டிருந்தான். அந்தச் சத்தத்தில் பாடம் எடுக்க முடியாது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலை வகிடு தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தது.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் போனில் இப்போது பேசிக்கொண்டிருப்பது அவள்தான் அம்மா.

வேண்டாம், நிறுத்த வேண்டாம். சத்தத்தையும் குறைக்காதீர்கள். திருத்தங்கலில் நீங்கள் ரயில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். மடியில் பிள்ளை தூங்குகிறது, எழுந்துவிடப் போகிறது என்று பேசாமல் இருந்தேன். “துணியோட நல்ல பக்கம் உள்ள போகணும்மா” என்றாள் பாருங்கள், அதற்கு மேல் முடியவில்லை.

ஆமாம். ராஜகனி அக்காதான், என் சம்சாரம். இல்லை, இப்போது இல்லை. போன வருஷம் ஆடியில். நீங்கள் மட்டும் இல்லை, எல்லாரும் இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாடத்தைப் போனில் கொடுக்கிற கம்பெனியில் எங்கேயும் போடவில்லை. போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். படிக்கிற பிள்ளைகள் மனசு கலங்கக் கூடாதே. உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் இருந்தவன். படிப்பு பெரிதாக இல்லை. டைரி, பள்ளிக்கூடப் புத்தகம், கணக்குப் புத்தகம், எல்லாம் என் கையில் அடுக்கிப் போனதுதான். புத்தகம் என்பது ஒரே கட்டாக வருவதில்லை அம்மா. பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி மடிந்து வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஃபாரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தைத்தால் புத்தகம். ஒன்று மாறினால் போச்சு. அது மாறாமல் இருக்க ஒரு வழி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் சின்னதாக ஒரு கறுப்புக் கோடு. முதல் ஃபாரத்தில் மேலே இருக்கும், அடுத்ததில் ஒரு படி கீழே, அதற்கடுத்ததில் இன்னொரு படி கீழே. எல்லாவற்றையும் அடுக்கி முதுகைத் திருப்பினால் கறுப்புக் கோடுகள் மாடிப்படி மாதிரி இறங்கும். எங்கேயாவது படி உடைந்தால் ஃபாரம் மாறியிருக்கிறது. எழுத்தே தெரியாதவன்கூடக் கண்டுபிடித்துவிடலாம். முப்பது வருஷம் அந்தப் படியைத்தான் பார்த்தேன்.

பிரஸ் மூடியதும் வீட்டில் உட்கார்ந்தேன். ராஜகனிக்கு வீட்டிலேயே தையல். நாலைந்து பெண்கள் பழக வருவார்கள். அவள் சொல்லிக் கொடுக்கிற விதம் கேட்க நன்றாக இருக்கும். இதைப் படம் எடுத்துப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. போனில் எப்படி எடுப்பது, எப்படி வெட்டுவது, எல்லாம் நானாகவே பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. பாடத்தை வரிசைப்படுத்தியதும் நான்தான். முதலில் அளவு எடுப்பது. அப்புறம் தாளில் வரைவது. அப்புறம் வெட்டுவது. அப்புறம் தைப்பது. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து, கொக்கி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அவள் வந்து படித்துப் பார்த்தாள்.

“மெஷின்ல எப்பங்க உட்கார விடப் போறீங்க அவளுகள?”

“தைக்கிற பாடம் வந்ததும்.”

“அது இருபது பாடத்துக்கு அப்புறமால்ல இருக்கு. அதுக்குள்ள ஓடிப்போயிருவாளுக. முதல் நாளே ஒரு தலையணை உறை தைக்க விடணும். நாலு நேர்த்தையல். ராத்திரி புருஷன் அதுல தலை வச்சுப் படுத்தான்னா மறுநாள் அவளா வருவா.”

“புத்தகத்துல நடுப்பக்கத்த யாராவது முதல்ல வைப்பாங்களா?”

“எவ புத்தகம் படிக்க வர்றா? தைக்க வர்றா.”

நான் விடவில்லை. எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் இல்லையா? அப்புறம் “சரி, நீங்க சொல்ற வரிசையிலேயே எடுங்க” என்றுவிட்டாள். அவளிடம் அது ஒரு நல்ல குணம். தலையணை உறையையும் விடவில்லை, எங்கேயோ நடுவில் வைத்துக் கொடுத்தேன்.

இன்னொரு விஷயத்திலும் அவளோடு எனக்குச் சண்டை. நீங்கள் பார்த்திருப்பீர்களே, சட்டையில் ஒரு கையைத்தான் வைத்துத் தைத்துக் காட்டுவாள். முடித்ததும் “மறுபக்கம் உங்களுக்கு” என்று துணியைத் தள்ளிவிடுவாள். எல்லாப் பாடத்திலும் அப்படித்தான். “என்ன பாதியில நிக்குது, ரெண்டையும் தைச்சு முடி” என்பேன். “ரெண்டையும் நானே தைச்சுட்டா அவ எதுக்கு?” என்பாள். கடைசிவரை அதில் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். உங்களிடமும் மறுபக்கம் நிறைய நிலுவை இருக்கிறதாக்கும்.

உங்கள் போனில் அந்த மேஜை ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள், வலது பக்கம். கறுப்பாக ஒரு துண்டு டேப் தெரிகிறதா? அதுதான். நான் ஒட்டியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விரல் கீழே இறக்கி ஒட்டுவேன். கடைசி வரை போனதும் திரும்ப மேலிருந்து. எல்லாப் பாடத்தையும் என் வரிசையில் ஓட்டினால் டேப் படி இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு பாடம் விட்டுப்போனாலும் தெரிந்துவிடும். இதை ஒருத்தரும் கவனித்ததில்லை. உங்களுக்குத்தான் முதலில் காட்டுகிறேன்.

பாதி எடுத்திருக்கும்போது அவளுக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. முதலில் சர்க்கரை என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். அப்புறம் மதுரைக்குப் போய் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். அவசரம் என்று அவர் சொல்லவில்லை. “மதுரைக்கு எப்பங்க போறோம்?” என்று கேட்பாள். “இன்னும் கொஞ்சப் பாடந்தான், முடிச்சுட்டு நிம்மதியா போயிருவோம்” என்பேன். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளே.

ஒரு தொந்தரவு வந்தது. வளையல். மணிக்கட்டு மெலிந்ததும் கண்ணாடி வளையல் ஓடி ஓடி மேஜையில் இடிக்கும். பதிவில் கணீர் கணீரென்று விழும். பேச்சைவிட அதுதான் பெரிதாகக் கேட்கும். “கழட்டி வை” என்றேன். கழட்ட மாட்டேன் என்றாள். அப்புறம் நூலால் எல்லா வளையலையும் சேர்த்துக் கட்டிக் கையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் எடுத்த பாடங்களைக் கேட்டுப் பாருங்கள், சத்தம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

கீழே போனேன் என்றேன் இல்லையா. டைல்ஸ்காரன் ஒரு கல் பாதி அறுந்திருக்கிறது, முடித்துவிடுகிறேன் என்றான். அதற்குள் வீட்டுக்காரர் மகன் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டான். குடிக்காமல் வர முடியாது. குடித்துவிட்டு மேலே ஏறினேன். மேஜை மேல் கையை மடித்துத் தலை வைத்திருந்தாள். அசதியில் கண் அசந்துவிட்டாள் என்று நினைத்தேன். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி வீணாகிறதே என்று முதலில் அதை நிறுத்தினேன். அப்புறம்தான் தோளைத் தொட்டேன்.

விருதுநகரில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். பிள்ளைக்குத் தண்ணீர் ஏதாவது வேண்டுமா? சரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியான பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மதுரையில் இந்தக் கம்பெனியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெண்களுக்குக் கைத்தொழில் பாடம் போனில் கொடுக்கிறார்கள். எடுத்ததை எல்லாம் கொண்டுபோனேன், கடைசி நாள் பதிவைத் தவிர. அதில் பாடம் இல்லை, வீண் பதிவு என்று அதைத் திறந்தும் பார்க்கவில்லை. அங்கே ஹெப்சிபா என்று ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும், எங்கள் பக்கம்தான், சாத்தூர். அங்கிள் அங்கிள் என்று நல்ல மரியாதை. என் காலண்டர் தாளையும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“வரிசை நீங்க போட வேண்டாம் அங்கிள். எல்லாத்தையும் ஏத்தி விட்டாப் போதும். சிஸ்டமே கேட்டு, எது முதல்ல, எது அப்புறம்னு பாதை போட்டுரும்.”

“அதுக்குத் தையல் தெரியுமா?”

“தெரியாது அங்கிள்.”

“பைண்டிங்?”

“ஐயோ அங்கிள்” என்று சிரித்தாள். “ஆளுக்கு ஆள் பாதை வேற வேற. புதுசா பழகுறவங்களுக்கு ஒண்ணு. மெஷின் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு. அது தானா பார்த்துக்கும்.”

ஒரே புத்தகத்தை வாங்குகிறவனுக்கு வாங்குகிறவன் மாற்றி மாற்றித் தைத்துக் கொடுத்திருந்தால் எங்கள் முதலாளி என்னை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். இதை அவளிடம் சொல்லவில்லை. சின்னப் பெண்.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஒரு படம். கட்டத்துக்குக் கட்டம் கோடு. கோடு பிரிகிறது, சேர்கிறது. அதுதான் பாதையாம். முதல் கட்டத்தைத் தட்டினாள்.

தலையணை உறை.

எனக்குக் கை சில்லென்று ஆகிவிட்டது. அந்த அறையில் குளிர் அதிகம்தான், அதனாலும் இருக்கலாம். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். எங்கள் வீட்டில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அவளும் நானும் பேசியது. எங்கள் இரண்டு பேரைத் தவிர அதைக் கேட்டவர்கள் இல்லை. அதில் ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கேட்டபடி, கேட்ட இடத்தில், தலையணை உறை முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு கட்டமாகத் தட்டச் சொன்னேன். டேப் மேலே, கீழே, நடுவில், மேலே என்று குதிக்கிறது. படியே இல்லை. டேப்பாவது போகட்டும் அம்மா. அவள் கை. ஒரு பாடத்தில் நல்ல சதைப்பிடித்த கை. அடுத்ததில் எலும்பும் நரம்பும், நூல் கட்டிய வளையல். அதற்கடுத்ததில் மறுபடி பழைய கை. என் வரிசையில் அவள் ஒரு தடவைதான் இளைக்கிறாள். இதில் இளைக்கிறாள், தேறிவிடுகிறாள், திரும்ப இளைக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக. இப்போது உங்கள் போனில் நல்ல கை. அடுத்த பாடத்தில் என்ன கை வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

“எப்படிம்மா அதுக்குத் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“அவங்களே சொல்லியிருக்காங்களே அங்கிள். பாருங்க.” கம்ப்யூட்டரில் எழுத்தாகக் காட்டினாள். கை வைக்கிற பாடத்தில், “தலையணை உறையில நேர்த்தையல் போட்டோமே, அதே மாதிரி.” அளவு எடுக்கிற பாடத்தில், “உங்களுக்குத்தான் இப்ப தைக்கத் தெரியுமே, இனி அளவு பாப்போம்.” அதுவும் நான் முதலில் எடுத்த பாடம்! தலையணை உறையை அப்போது எடுக்கவே இல்லை. எடுத்து முடித்த மாதிரியே பேசியிருக்கிறாள். எல்லாப் பாடத்திலும் இப்படித்தான். “சிஸ்டம் அவங்க பேச்சைக் கேட்டுத்தான் பாதை போட்டுருக்கு. அவங்க மனசுல ஒரு வரிசை இருந்திருக்கு அங்கிள். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, கவனிக்கலையா?”

பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு நாள் விடாமல் இருந்தேன். டேப் நேராக இருக்கிறதா, வெளிச்சம் சரியா, வளையல் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேச்சையும் கேட்க யாரால் முடியும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடம் நன்றாகப் போகிறது. பாதியில் விடுகிறவர்கள் குறைவு என்று ஹெப்சிபா சொன்னாள். அது தலையணை உறையாலா, ராஜகனி பேச்சாலா என்று யார் கண்டது?

ஊரில் இப்போது என் நிலைமை என்ன தெரியுமா? தெருவுக்கு நாலு வீட்டில் அவள் பேசுகிறாள். பால் வாங்கப் போனேன் ஒரு நாள். கடைக்குள்ளேயிருந்து “அந்தப் பக்கம் போகாதீங்க, இந்தப் பக்கம் திருப்புங்க” என்றாள். நான் திரும்பிவிட்டேன். பால்காரர் சம்சாரம் உள்ளே உட்கார்ந்து சட்டைக் கழுத்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். சில பெண்கள் அவசரத்துக்கு வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறார்கள். எங்கே இப்படி ஓடுகிறாள் என்று எனக்கு மூச்சு வாங்கும். என் போனிலும் அந்தப் பாடத்தை ஏற்றிக் கொடுத்தார்கள். சாயங்காலமானால் மணி அடித்துச் செய்தி வரும். ‘ராஜகனி அக்கா உங்களுக்காகக் காத்திருக்கிறார். பாடத்தைத் தொடருங்கள்.’ அதை நிறுத்த ஒரு வழி இருக்கிறதாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கள்ளிக்குடி போய்விட்டதா? அப்படியானால் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பாதையில் கடைசியில் ஒரு கட்டம் பூட்டுப் போட்டுக் கிடக்கிறது, இல்லையா? ‘விரைவில்’ என்று எழுதியிருக்கும். அதற்காகத்தான் இன்றைக்கு மதுரை போகிறேன்.

பக்கத்தையல் போடும்போதெல்லாம் அவள் ஒன்று சொல்வாள். “மூணு வரிசை போடுங்கம்மா. ஒண்ணு போதாதான்னு கேப்பீங்க. எதுக்கு மூணுன்னு பின்னால ஒரு பாடத்துல சொல்றேன்.” இதை எத்தனை பாடத்தில் சொல்லியிருக்கிறாளோ. அந்தப் பாடத்தை எடுக்கவே இல்லை. சட்டையைப் பிரித்துப் பெரிதாக விடுவது, பிடித்துத் தைத்துச் சிறிதாக்குவது, அதெல்லாம் பழுது வேலை, அதைப் படிக்க யார் வருவார்கள் என்று நான் ஆரம்பத்திலேயே வரிசையிலிருந்து அடித்துவிட்டேன். ஆனால் அந்த சிஸ்டம் கேட்டுவிட்டது. சொல்கிறேன் என்று சொன்னாளே, எங்கே என்று தேடியிருக்கிறது. கிடைக்காததால் பாதையின் கடைசியில் ஒரு காலிக் கட்டத்தைப் போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஹெப்சிபா போன் பண்ணினாள். “அங்கிள், அந்தப் பாடம் உங்ககிட்ட இருக்கா? தினமும் கேக்குறாங்க.”

“இல்லம்மா. கட்டத்த எடுத்துரு.”

“எடுத்தா பாதை பாதியில அந்து நிக்கும் அங்கிள். வேற ஒரு அக்காவ வச்சு எடுத்துப் போடலாமான்னு பார்த்தோம், யாருக்கும் பிடிக்கல. இன்னொரு வழி இருக்கு. நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அவங்க குரல் நம்மகிட்ட நிறைய இருக்கு. பாடத்த எழுதிக் கொடுத்தா அவங்க குரல்லயே சிஸ்டம் பேசிரும். வித்தியாசமே தெரியாது. உங்க சம்மதம் வேணும்.”

நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்தக் கடைசிப் பதிவைத் திறந்தேன். ஒருவேளை கழுத்துப் பட்டி கொஞ்சமாவது எடுத்திருந்தால் அதைக் கொடுத்துப் பேசிப் பார்க்கலாம் என்று.

கழுத்துப் பட்டி இல்லை. முதலில் என் குரல் வருகிறது. “அது நம்ம வரிசையில இல்ல.” கதவு சாத்துகிற சத்தம். நான் படி இறங்குகிறது கேட்கிறது. அவள் அந்தச் சத்தம் முடிகிறவரை காத்திருக்கிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவரு போயிட்டாரு. வாங்கம்மா, நாம அந்த மூணு வரிசைப் பாடத்தப் போட்டுருவோம்” என்கிறாள். உங்களிடம்தான் சொல்கிறாள். ரகசியம் சொல்கிற மாதிரி. சிரிக்கிறாள்.

என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

என்ன கேட்கிறீர்கள்? பார்க்க வேண்டுமா? எதற்கு அம்மா... ஓ. டைபாய்டா? எத்தனை நாள் படுத்திருந்தீர்கள்? எல்லாச் சட்டையும் தொளதொளவென்று ஆகிவிட்டதா? அதனால்தான் அந்தக் கட்டம் எப்போது திறக்கும் என்று... சரி. நான் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. இந்தாருங்கள். சத்தமாகவே வையுங்கள், வண்டிச் சத்தத்தில் கேட்காது.

டேப்பைப் பார்த்தீர்களா? இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

சொல்கிறாள், கேளுங்கள். “உடம்பு ஒரே அளவுல நிக்காதும்மா. ஏறும், இறங்கும். சட்டை உடம்போட போகணும். ஏறுனா ஒரு வரிசையப் பிரிச்சு விடு. இறங்குனா உள்ள இன்னொரு வரிசை போடு. இளைச்சுப் போனோம்னு நல்ல சட்டையத் தூக்கிப் போட்டுறக் கூடாது.” அவள் சட்டைதான் அது. அரக்குக் கலர், தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தைத்தது. ஏற்கெனவே இரண்டு தடவை பிடித்திருக்கிறாள் பாருங்கள், பழைய தையல் தடம் தெரிகிறது. நான் கவனித்ததில்லை. கையால் தைக்கிறாள். மெஷின் மிதிக்க முடியாமல் இல்லை, கையால் தைத்தால் படத்தில் நன்றாகத் தெரியும் என்று செய்திருப்பாள். நடுவில் நிறுத்தி நிறுத்தித் தைக்கிறாள். அது நீங்கள் பின்தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக.

அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். சட்டையைத் திருப்புகிறாள். “மறுபக்கம்” என்கிறாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, நிறுத்திவிடுங்கள். வெறும் மேஜையும் கையும்தான். கீழே கல் அறுக்கிற சத்தம் வரும். அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

இதுதான் என் கஷ்டம். மறுபக்கம் என்று ஆரம்பித்தாள், தைத்து முடிக்கவில்லை. பாதிப் பாடத்தை எப்படிக் கொடுப்பது? ஒரு ஃபாரம் குறைந்த புத்தகத்தை நான் ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. அதனால்தான் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லலாம் என்று கிளம்பினேன். ஏன், குரலில் பேச வைப்பதற்குச் சரி என்று சொல்லிவிடலாமா என்றும் காலையில் ஒரு யோசனை வந்தது. முழுசாக இருக்குமே. இரண்டு பக்கமும் இருக்குமே.

என்ன சொன்னீர்கள்?

திரும்பச் சொல்லுங்கள்.

“மறுபக்கம் உங்களுக்கு.” ஆமாம். எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் சொல்வாள். நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்ட மாதிரி உடனே சொல்லிவிட்டீர்கள்.

ஒரு நிமிஷம் அம்மா. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன், தூசி.

அதோடு பாடம் முடிந்துவிட்டது என்றா? இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைக்கத்தான் ஆரம்பித்திருப்பாள். உங்களுக்கு அப்படித் தோன்றினால் மற்றவர்களுக்கும் தோன்றும், இல்லையா? ஹெப்சிபாவிடம் காட்டுகிறேன். அவளும் இதையே சொன்னால் போடட்டும். முன்னால் என் குரல் வருகிறதே, அதை மட்டும் வெட்டிவிடச் சொல்ல வேண்டும். அதை வெட்டினால் “அவரு போயிட்டாரு” என்று அவள் சொல்வது யாரை என்று யாருக்கும் புரியாது. புரியாவிட்டால் என்ன, பாடம் புரிந்தால் போதும்.

திருப்பரங்குன்றம் வந்துவிட்டது. நீங்கள் இங்கேதான் இறங்க வேண்டுமா? பிள்ளையைப் பார்த்துத் தூக்குங்கள், தலை இடிக்கப் போகிறது.

சட்டையா? இருக்கிறது. பையில்தான் கொண்டுவந்திருக்கிறேன், அவர்கள் கேட்டால் காட்டலாம் என்று. இந்தாருங்கள், ஊசி இன்னும் அதிலேயே குத்தி இருக்கிறது, கையில் பட்டுவிடாமல் பாருங்கள். இடது பக்கம் பிடித்திருக்கிறது. வலது பக்கம் தைக்கவில்லை.